வட்டத்துக்கு வெளியே ஒரு நாத்தனார்

எங்கள் மருத்துவமனையில் நோய்க்கு ஐந்து மாடி, விடுப்புக்கு இரண்டு மாடி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. நோயாளி என்றால் குணமாகிப் போவார், இல்லை போயே போய்விடுவார். எப்படியும் படுக்கை காலியாகும். விடுப்பு விண்ணப்பம் அப்படியில்லை. வந்தால் தங்கிவிடும். தங்குகிறவர்களுக்குத்தான் இடம் தாராளமாக வேண்டும்.

நான் அந்த விடுப்புப் பிரிவில் கோப்புத் துணை. இப்படி ஒரு பதவி இருப்பது வெளியாருக்குத் தெரியாது. முன்பு ஒருமுறை ஒரு கோப்பு மேசைவிட்டு மேசை போகும் வழியில் காணாமல் போனது. காணாமல் போன கோப்புகளைப் பற்றிய விசாரணைக் கோப்பு அது. அன்றிலிருந்து எந்தக் கோப்பும் தனியாகப் போகக் கூடாது, கூட ஓர் ஆள் போக வேண்டும் என்று உத்தரவு. பதினான்கு வருஷமாகக் கோப்புகளைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிறேன். நோயாளிக்குத் துணை இல்லாமல் போகலாம், எங்கள் கோப்புக்கு அந்த நிலைமை வராது.

ஒரு வியாழக்கிழமை சலவைக்கூடத்து அக்கா தன் விண்ணப்பத்தோடு வந்தாள். அறுவை அறைக்குப் போகும் பச்சைத் துணிகளை இஸ்திரி போட்டு, மடித்து, கிருமி போக நீராவிப் பெட்டியில் வைத்து எடுப்பது அவள் வேலை. பதினோரு வருஷமாக அடித்தளத்தில் இருக்கிறாள். இரண்டு முன்கைகளிலும் நீராவி சுட்ட தழும்புகள் வரிசையாக இருக்கும். விண்ணப்பம் மூன்றே வரி. வருகிற புதன்கிழமை தன் நாத்தனாருக்கு நம் மருத்துவமனையிலேயே பித்தப்பைக் கல் அறுவை. கூட இருக்க வேறு ஆள் இல்லை. அன்றைக்கும் அதற்குப் பிறகு பத்து நாளைக்கும் விடுப்பு வேண்டும்.

அக்காவின் வீட்டுக்காரர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. அவருடைய மூத்த சகோதரிதான் இந்த நாத்தனார். அச்சகத்தில் முப்பது வருஷம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி போன பிறகும் இரண்டு பெண்களும் அதே வீட்டில், ஒரே அடுப்படியில் இருக்கிறார்கள். நேருக்கு நேர் பேச்சு கிடையாது. எல்லாம் ஜாடைதான். "சில பேருக்குக் குழாயை மூடணும்னு தோணாது," என்று நாத்தனார் ஜன்னலைப் பார்த்துச் சொல்வார். "சில பேருக்கு அடுத்தவங்க குழாயிலதான் கண்ணு," என்று அக்கா பாத்திரத்தைப் பார்த்துச் சொல்வாள். ஆனால் நாத்தனாருக்கு வலி வரும் நாட்களில் அக்கா வேலைக்கு வரும்போது முகம் வெளுத்திருக்கும். இதெல்லாம் சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

அன்று காலை கீழ்த்தளத்துச் சேர்க்கைப் பிரிவில் இருவரும் போய்ப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். 'குடும்பத்தினர் ஒருவர் கையெழுத்திட வேண்டும்' என்று படிவம். அங்கிருந்த செவிலி யார் என்ன உறவு என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் ஃபிளாஸ்கின் மூடியை யார் வீட்டில் மறந்து வைத்தது என்று இரண்டு பேரும் சுவரைப் பார்த்துச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள். செவிலி ஒன்றும் கேட்காமல் 'குடும்பம்' என்று எழுதி அக்காவிடம் பேனாவை நீட்டிவிட்டாள். கீழே இரண்டு நிமிஷத்தில் முடிந்த காரியம் அது. மாடிக்கு வந்தபோதுதான் சட்டம் குறுக்கே வந்தது.

எங்கள் பிரிவின் தலைவருக்கு வரையறை அதிகாரி என்று பெயர்ப்பலகை. நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசமாட்டார். விண்ணப்பத்தை நிராகரிக்கும்போதுகூட நாற்காலி போட்டு உட்காரவைத்துத்தான் நிராகரிப்பார். அவர் மேசைக்குப் பின்னால் சுவரில் பெரிய வட்டம் ஒன்று வரைந்த படம் தொங்கும். வட்டத்துக்குள் கணவன், மனைவி, தாய், தந்தை, மக்கள். வட்டத்துக்கு வெளியே சின்ன எழுத்தில் மற்ற உலகம்.

வெள்ளிக்கிழமை நான் கோப்போடும் அக்காவோடும் உள்ளே போனேன். அவர் கையில் குச்சியை எடுத்துக்கொண்டார்.

"நாத்தனார் எங்க இருக்காங்கன்னு பாருங்கம்மா."

"வீட்லதான் சார். வலி இருக்கில்ல, வெளிய வரமாட்டாங்க."

"படத்துலம்மா."

அக்கா தேடினாள். நாத்தனார் கீழே இடது மூலையில், அடுத்த வீட்டுக்காரருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் நடுவில் இருந்தார்.

"அவங்க உங்க கணவர் வழி உறவு. கணவர் இறந்துட்டார். அப்ப அந்த வழியா வர்ற உறவும் அன்னைக்கே முடிஞ்சுபோச்சு."

"எங்களுக்கு யாரும் வந்து சொல்லலியே சார்," என்றாள் அக்கா. உண்மையிலேயே அவளுக்குத் திகைப்பாக இருந்தது. ஆறு வருஷமாக உறவே இல்லாத ஒருவரோடு இவ்வளவு சண்டை போட்டிருக்கிறாள்.

சேர்க்கைச் சீட்டை எடுத்து நீட்டினாள். "கீழ குடும்பம்னு போட்டிருக்காங்க சார்."

அதிகாரி பரிவாகச் சிரித்தார். "அது சிகிச்சைக்கான குடும்பம்மா. இது விடுப்புக்கான குடும்பம். ரெண்டும் வேற வேற மாடி." பிறகு குச்சியைக் கீழே வைத்துவிட்டு எங்கள் இருவருக்கும் ஒரு சின்னச் சொற்பொழிவு ஆற்றினார். "இந்தச் சட்டத்தை ரொம்ப மனிதாபிமானத்தோட எழுதியிருக்காங்க. அதனாலதான் நாங்க இவ்வளவு ஜாக்கிரதையா இருக்கோம். மனிதாபிமானம் கேக்கறவங்களுக்கெல்லாம் கிடைக்குதுன்னு வச்சுக்கங்க, அப்புறம் அதுக்கு என்ன மரியாதை? என் காலத்துல இந்தச் சட்டத்து மேல ஒரு கீறல் விழுந்ததில்ல. பயன்படுத்தினாத்தானே கீறல் விழும்."

அக்கா எழுந்திருக்கப் பார்த்தாள். அவர் கையமர்த்தினார். அவருக்கு உதவ வேண்டும் என்ற எண்ணம் உண்மையிலேயே இருந்தது. சட்டப் புத்தகத்தைப் புரட்டி ஒரு பக்கத்தில் நின்றார்.

"பெத்தாத்தான் தாய்னு இல்ல. தாய் இடத்துல இருந்து பாத்துக்கிட்டவங்களும் தாய்தான்னு ஒரு வரி இருக்கு. அவங்க உங்களை வளர்த்தாங்களா?"

"நான் கல்யாணமாகி வர்றப்ப எனக்கு இருபத்திரண்டு வயசு சார். திட்டினாங்க. வளர்க்கல."

"சரி. நீங்க அவங்களை?"

"நான் அவங்களை என்ன சார்?"

"இப்ப சமைச்சுப் போடறது யாரு? மருந்து குடுக்கறது யாரு? தன்னைத் தானே பாத்துக்க முடியாத நிலைமையில இருக்கறவங்க வயசு வந்தவங்களா இருந்தாலும் மகளாகலாம். தாய் இடத்துல நீங்க. மகள் இடத்துல அவங்க."

"சார், எனக்கு நாற்பத்தொம்பது. அவங்களுக்கு அறுபத்தொண்ணு."

அதிகாரி புத்தகத்தை இன்னொருமுறை பார்த்தார். "தாய் மகளைவிட மூத்தவளா இருக்கணும்னு இதுல எங்கயும் சொல்லல." மகளின் சம்மதக் கையெழுத்து மட்டும் தேவை என்று படிவத்தைக் கோப்பில் சேர்த்தார். கோப்பு தனியாகப் போகக் கூடாது என்பதால் நானும் அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

இரண்டு அறை வீடு. நாத்தனார் நாற்காலியில் வலது விலாவைக் கையால் அழுத்தியபடி உட்கார்ந்திருந்தார். படிவத்தை வாங்கியதும் முதலில் காதிலிருந்து பென்சிலை எடுத்து இரண்டு பிழைகளைத் திருத்தினார். பிறகு படித்தார். பிறகு ஜன்னலிடம் பேசினார்.

"யாருக்கோ நான் மகளாம். இந்த வீட்டுக்கு வந்த மூணாம் நாளே என் சீப்பை ஒடைச்சவங்களுக்கு."

"சீப்பு தானா ஒடைஞ்சதுன்னு ஒருத்தருக்குத் தெரியும்," என்றாள் அக்கா அடுப்பிடம்.

"கல்லோடயே இருந்துட்டுப் போறேன். அது என்னை மகளேன்னு கூப்பிடாது," என்று நாத்தனார் தொடங்கினார். முடிக்கவில்லை. பேச்சு நடுவிலேயே நின்றது. மேசை விளிம்பைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. அக்கா வெந்நீர்ப் பையோடு ஓடிவந்து அவர் விலாவில் வைத்து அழுத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. பதினான்கு வருஷத்தில் நான் கோப்புகளுக்குத் துணை போயிருக்கிறேனே தவிர, அதற்குள் இருக்கிற வலியைப் பார்த்ததில்லை.

வலி விட்டதும் நாத்தனார் பேனாவைக் கேட்டார். மகள் என்று அச்சடித்திருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். அக்காவைப் பார்க்கவில்லை. அக்காவும் பார்க்கவில்லை.

சனிக்கிழமை அந்தத் தியாகத்தைச் சுமந்துகொண்டு சேவைப் பதிவாளரிடம் போனோம். குடும்பம் உறுதியாகிவிட்டதா என்று அவர் கேட்கவில்லை. அது அவர் வேலை இல்லை. விடுப்பு கேட்கிறவர் ஊழியர்தானா என்று பார்ப்பது அவர் வேலை. பன்னிரண்டு மாசம் விடாமல் வேலை பார்த்தவர் ஊழியர் என்பது சட்டம்.

"எவ்வளவு காலமா வேலை பாக்கறீங்க?"

"பதினோரு வருஷம் சார்."

அவர் பெரிய பதிவேட்டைத் திறந்து விரலை ஓட்டினார். "பதினோரு மாசம்."

"வருஷம் சார்."

"இங்க பாருங்க. பதினோரு மாசம், ஒரு நாள் நிறுத்தம். மறுபடி பதினோரு மாசம், ஒரு நாள் நிறுத்தம். ஒவ்வொரு தடவையும் நீங்க புதுசா சேர்ந்திருக்கீங்க. அதிகபட்சம் உங்க வயசு இங்க பதினோரு மாசம்." அவர் குரலில் லேசான பொறாமைகூட இருந்தது. "அந்த ஒரு நாள் என்ன பண்ணுவீங்க?"

"வேலைக்கு வருவேன் சார். அன்னைக்கும் துணி இருக்குமே."

"கையெழுத்து?"

"அன்னைக்கு மட்டும் போட வேண்டாம்னு சொல்லுவாங்க."

பதிவாளர் திருப்தியாகத் தலையாட்டினார். "பதிவேடு எவ்வளவு சுத்தமா இருக்கு பாருங்க. ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. நீங்க இங்க இருந்தீங்கங்கறதுக்கு ஆதாரமே இல்ல." பிறகு நினைவு வந்தவராக, "அதோட மூணு வருஷமா சலவை ஒப்பந்தக்காரர்கிட்ட போயிடுச்சு. உங்க முதலாளி அவர்தான். அவர் முதலாளின்னு எழுதிக் குடுத்தா, அவர் ஊழியர்னு நான் யோசிச்சுப் பாக்கறேன்," என்றார்.

ஞாயிறு விடுமுறை. நாத்தனாருக்கு அன்று மட்டும் வலி இரண்டுமுறை வந்ததாக அக்கா திங்கட்கிழமை சொன்னாள். ஒப்பந்தக்காரரின் அலுவலகம் பின்கட்டில் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அவர் தலைக்கு மேலே 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்' என்று கண்ணாடி போட்ட பலகை. அக்கா அதைப் படித்துவிட்டு நம்பிக்கையோடு உட்கார்ந்தாள்.

"நான் முதலாளியா?" ஒப்பந்தக்காரர் மனம் நொந்துபோனார். "அக்கா, நான் ஆள் அனுப்பறவன். தபால்காரன் மாதிரி. கடுதாசிக்குத் தபால்காரன் பொறுப்பாக முடியுமா? முதலாளின்னா ஐம்பது பேராவது வேலை பாக்கணும், சட்டத்துல இருக்கு. என்கிட்ட நாற்பத்தொம்பது பேர்."

"நாங்க ஐம்பத்திரண்டு பேர் இருக்கோமே சார்."

"அதுல மூணு பேர் என் நண்பர்கள். பிரியத்துல வந்து துணி துவைக்கறாங்க."

அக்கா மெதுவாகப் பலகையைக் காட்டினாள். "குடும்பம்னு போட்டிருக்கீங்களே சார். குடும்பத்துல ஒருத்தருக்கு உடம்பு சரியில்லன்னா லீவு உண்டுதானே?"

"அது சுவத்துக்கு எழுதினது அக்கா. சட்டத்துக்கு எழுதினது இல்ல." அவர் எங்கள் இருவருக்கும் டீ வரவழைத்தார். டீ நன்றாகவே இருந்தது. கிளம்பும்போது, உங்கள் முதலாளி மருத்துவமனைதான், போய் அவர்களைக் கேளுங்கள் என்று வழியும் சொல்லி அனுப்பினார்.

ஆக, செவ்வாய்க்கிழமை மறுபடி வரையறை அதிகாரி முன்னால் போய் நின்றோம். கோப்பு இப்போது தலையணை அளவு ஆகியிருந்தது. அவர் முழுவதையும் படித்தார், நாத்தனாரின் பென்சில் திருத்தங்கள் உட்பட. முகத்தில் ஒரு கலைஞனின் நிறைவு தெரிந்தது.

"நீங்க ஊழியர்னு சொல்ல ஆதாரம் இல்ல. உங்களுக்கு முதலாளின்னு யாரும் இல்ல. ஊழியரே இல்லாதப்ப குடும்பம் இருக்கா இல்லையாங்கற கேள்வியே எழல. ரொம்பத் தெளிவான கேஸ்."

"அப்ப லீவு கிடையாதுங்களா?"

"அப்படிச் சொல்லலியே. மறுக்கணும்னா மறுக்கறதுக்கு ஒரு விண்ணப்பதாரர் வேணும். சட்டப்படி நீங்க விண்ணப்பிக்கவே இல்ல. நிலுவையில வச்சிடறேன்."

அக்கா சாதுவாகக் கேட்டாள். "சார், எனக்கு முதலாளி இல்லன்னா, நாளைக்கு நான் வரலைன்னு யார்கிட்ட சொல்லணும்?"

அதிகாரி சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். சட்டத்தில் அதற்கு விடை இல்லை.

"பச்சைத் துணிக்கு நாளைக்கு வேற ஆள் போட்ருங்க சார்," என்றாள் அக்கா. தான் வராவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை அந்தக் கட்டடத்தில் அவள் ஒருத்திக்குத்தான் இருந்தது.

"விடுப்பு கொடுத்தாத்தான் மாற்று ஆள் போட முடியும். விடுப்பு இல்லாதவங்களுக்கு மாற்று ஆள்னா, அவர் யாருக்கு மாற்று?"

அன்று மாலை அக்கா வேலை நேரம் முடிந்தும் இருந்து, நாத்தனாரின் அறுவைக்கென்று ஒரு முழுக் கட்டுத் துணியைத் தனியே தேய்த்து, நீராவியில் வைத்து எடுத்து, அறுவை அறை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை காலை சாலை விபத்தில் அடிபட்ட மூன்று பேரைக் கொண்டுவந்தார்கள். அந்தக் கட்டு அவர்களுக்குப் போய்விட்டது. ஒன்பது மணிக்கு நாத்தனாரைச் சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு வந்து அறுவை அறை வாசலில் நிறுத்தினார்கள். பக்கத்தில் அக்கா. உள்ளே அலமாரியைத் திறந்தால் ஒரு கைக்குட்டைகூட இல்லை. ஆனால் துணிப் பதிவேட்டில் நாற்பது பச்சைத் துணிகள் தயார் என்று இருந்தது. பதிவேட்டை வேலை அட்டவணையைப் பார்த்து எழுதுவார்கள். அட்டவணையில் அக்காவுக்கு விடுப்பு இல்லை. அதனால் அவள் வேலைக்கு வந்திருந்தாள். வந்ததால் துணிகளும் தயாராகிவிட்டன. காகிதத்தில் எந்தக் குறையும் இல்லை.

நிலுவையில் உள்ள கோப்பு விண்ணப்பதாரர் இருக்கும் இடத்தில் இருக்கலாம் என்று எனக்கு நானே ஒரு விதி சொல்லிக்கொண்டு நானும் அங்கே நின்றிருந்தேன்.

அறுவை மருத்துவர் வெளியே வந்தார். அதிகம் பேசாத அம்மா. "ஒரு மணிக்கு மேல இந்த அறை எனக்கு இல்ல. இன்னைக்கு விட்டா ஆறு வாரம். இந்தப் பித்தப்பை ஆறு வாரம் தாங்காது. துணி எங்க?"

செவிலி தொலைபேசியில் கேட்ட பத்தே நிமிஷத்தில் வரையறை அதிகாரியே படியேறி வந்துவிட்டார். மூச்சு வாங்கியபடி துணிப் பதிவேட்டைக் காட்டினார். "துணி போடற அம்மா கீழதான் இருக்காங்க டாக்டர்."

"அவங்க இங்க நிக்கறாங்க."

அதிகாரி அக்காவைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் உண்மையைச் சொல்லிவிட்டார். "இங்க நிக்கறது நோயாளியோட குடும்பம் டாக்டர்."

அவர் என்ன சொன்னார் என்று அவருக்கே உறைப்பதற்குள் அக்கா கிளம்பிவிட்டாள். "நான் போய்த் தேய்ச்சுட்டு வந்துடறேன் டாக்டர், ஒரு மணி நேரம்," என்று படிக்கட்டுப் பக்கம் திரும்பினாள். கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"இருடி. ஓடாத."

அக்கா அப்படியே நின்றுவிட்டாள். ஆறு வருஷத்தில் நாத்தனார் அவளைப் பார்த்துப் பேசிய முதல் வார்த்தை அது. ஜன்னல் ஏதும் அருகில் இல்லாததால் என்று நினைத்துக்கொள்ள இடமில்லை, நடைபாதையில் நான்கு ஜன்னல்கள் இருந்தன.

"இப்ப ஓடினா இன்னைக்கும் கையெழுத்து இல்லாத நாள்தான். எழுதிக் குடுக்கச் சொல்லு. அப்புறம் போ."

"அண்ணி, நேரமாகுது. உங்களுக்கு வலி வந்துட்டா?"

"வரட்டும். முப்பது வருஷம் அடுத்தவன் எழுதினதைப் படிச்சவ நான். எழுதாதது எதுக்கும் ஆகாது."

அக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. அதிகாரிக்கும் வேர்த்தது. மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் கோப்பிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவி அதிகாரியிடம் நீட்டினேன். அவர் சுவரில் வைத்து எழுதினார்: 'இங்கு நிற்கும் நபர் உடனே சலவைக்கூடம் செல்லவும்.'

அறுவை அறைச் செவிலி எட்டிப் படித்தாள். "நபர்னா நான் விடமாட்டேன் சார். நோயாளியோட குடும்பத்தாள் இந்த வாசலை விட்டுப் போகணும்னா குடும்பத்தாள்னு எழுதின உத்தரவு வேணும். எங்க விதி."

அவர் அடித்து எழுதினார். சலவைக்கூடத்துக் காவலாளிக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அவர் அங்கிருந்து, ஊழியர் என்று காகிதத்தில் இல்லாத யாரையும் நீராவிப் பெட்டிப் பக்கம் விடமுடியாது, சுவரில் விதி எழுதித் தொங்குகிறது என்றார். அதிகாரி மறுபடி அடித்து எழுதினார்.

"யாரோட ஊழியர்?" என்று கேட்டார் மருத்துவர். "துணி வரலைன்னா நான் யாரைக் கேக்கறது? அதையும் போடுங்க."

அதிகாரி பேனாவை வைத்துக்கொண்டு சுவரையே பார்த்தார். அவர் மனம் அடித்துக்கொள்வது எனக்குத் தெரிந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் பதிவேட்டில் நாற்பது துணி இருந்தது, அலமாரியில் இல்லை. இதை விசாரித்தால் யாருடைய நிலுவையில் போய் முட்டும் என்று அவருக்குத் தெரியும். கடைசியில் எழுதினார்: 'நோயாளியின் குடும்பத்தினராக இங்கு இருப்பவரும் இம்மருத்துவமனையின் ஊழியருமான இவர், உடனே பணிக்குத் திரும்ப வேண்டும். இவர் கோரிய இன்றைய விடுப்பு மறுக்கப்படுகிறது.' கையெழுத்துப் போட்டு, தேதி போட்டார்.

நாத்தனார் தாளை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஒரு எழுத்து விடாமல் படித்தார். பிழை இல்லை. "இப்பப் போ," என்றார்.

அடித்தளத்தில் அக்கா வேலை செய்ததை நான் அன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன். துணியைத் தேய்த்து இரண்டு உதறலில் மடித்து அடுக்கினாள். நீராவிப் பெட்டியை மூடியதும் கையைப் பிசைந்துகொண்டு அதன் எதிரில் நின்றாள். "தைரியமாத்தான் பேசுவாங்க தம்பி. ஊசின்னா பயம்," என்றாள். பதினொன்றுக்குக் கட்டு மேலே போனது. பதினொன்றே காலுக்குக் கதவை மூடினார்கள்.

உள்ளே அறுவை நடக்கும்போது நான் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அக்காவுக்காக இன்னொரு விண்ணப்பம் எழுதினேன். மறுநாள் முதல் பத்து நாள் விடுப்பு, ஆதாரமாக இன்றைய மறுப்பு இணைப்பு. அக்கா கையெழுத்துப் போட்டதும் அதிகாரியின் அறைக்கு எடுத்துப் போனேன்.

"இதுல என் கையெழுத்து இருக்கே," என்றார்.

"ஆமா சார்."

"நான் மறுத்துல்ல இருக்கேன்."

"மறுக்கணும்னா விண்ணப்பதாரர் இருக்கணும்னு நேத்து நீங்கதான் சார் சொன்னீங்க. நீங்க மறுத்ததால அவங்க இருக்காங்க."

அவர் திரும்பி வட்டத்தைப் பார்த்தார். மூலையில் அடுத்த வீட்டுக்காரருக்கும் வீட்டு உரிமையாளருக்கும் நடுவில் நாத்தனார் இருந்தார். பிறகு 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதினார். கீழே, 'இதை முன்னுதாரணமாகக் கொள்ளக் கூடாது' என்று கோடு போட்டார். செய்தி எப்படிப் பரவியதோ, மறுவாரமே ஒப்பந்த ஆட்கள் எங்கள் வாசலில் வரிசையில் நிற்க ஆரம்பித்தார்கள். துடைப்பவர், தூக்குபவர், ஒப்பந்தக்காரரின் மூன்று நண்பர்கள் உட்பட எல்லாருக்கும் ஒரே கோரிக்கைதான்: எனக்கும் ஒருநாள் விடுப்பை மறுத்துக் கொடுங்கள். எங்கள் பிரிவுக்கு இப்போது மூன்றாவது மாடி கேட்டிருக்கிறோம்.

அன்று அனுமதியோடு நான் அறுவை அறை வாசலுக்குத் திரும்பி வந்தபோது ஒரு மணி இருக்கும். அக்கா கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாளைக் கொடுத்தேன். வாங்கிப் படிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். கதவு திறந்தது. கண்ணை மூடிக் கிடந்த நாத்தனாரைச் சக்கரக் கட்டிலோடு வெளியே தள்ளினார்கள். கல் வந்துவிட்டது, நன்றாக இருக்கிறார் என்று மருத்துவர் சொல்லிவிட்டுப் போனார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வார்டில் செவிலி படுக்கையைத் தயார் செய்துவிட்டு, "கட்டில் மாத்தணும். குடும்பத்துக்காரங்க ரெண்டு பேர் வாங்க," என்றாள்.

அக்கா ஒரு பக்கம் போய் நின்றாள். இரண்டாவது ஆள் யாரும் இல்லை. நான் கோப்பை நாற்காலியில் போட்டுவிட்டுப் போனேன். செவிலி அட்டையை எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நீங்க என்ன உறவு?"

பதினான்கு வருஷமாக மற்றவர்களை இந்தக் கேள்விக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவன் நான். என்னிடம் யாரும் கேட்டதில்லை. நாற்காலியில் கிடந்த கோப்பைத் திரும்பிப் பார்த்தேன். நாத்தனார் மயக்கம் முழுதாகத் தெளியாமல் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"தலைமாட்டுப் பக்கம் பிடிக்கச் சொல்லு. உறவை அப்புறம் பாத்துக்கலாம்," என்றார்.

நான் தலைமாட்டுப் பக்கம் போய்ப் பிடித்தேன்.